நீர்வழி கண்ட பேரறிஞர்

மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிச் செல்வது நீரின் இயல்பு. அரசன் ஆணையிட்டாலும் அவ்வியல்பு மாறுவதில்லை. அதனை அறிந்து, அதற்கு இசைய வழி வகுப்பவர்க்கு நீர் ஏவல் செய்யும். அறியாது முயல்வோரின் உழைப்பையும் பொருளையும் அஃது அடித்துச் செல்லும். இவ்வுண்மையைத் தம் நெடிய வாழ்நாளெல்லாம் செயலால் விளக்கிக் காட்டிய பெரியார் ஒருவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீன நாட்டில் வாழ்ந்தார். குவோ ஷோசிங் என்பது அவர் பெயர். வானநூல், கணிதம், நீர்ப்பணி ஆகிய மூன்று துறைகளிலும் ஒருங்கே சிறந்து விளங்கிய அவரைச் சீன மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

அவருடைய தொண்டின் அருமையை உணர்வதற்குச் சீன நாட்டின் நில அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். அந்நாட்டின் பேராறுகளான மஞ்சள் ஆறும், குவாய் ஆறும், யாங்சி ஆறும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடிக் கடலை அடைகின்றன. எனவே, கிழக்கு மேற்காகப் படகு செலுத்துதல் எளிது; வடக்குத் தெற்காகச் செல்ல இயற்கையான நீர்வழி இல்லை. நெல் மிகுதியாக விளையும் வளநாடோ தெற்கே யாங்சி ஆற்றின் கரையில் இருந்தது. அரசிருக்கையும் எல்லைப் படைகளும் பெரும்பாலும் வடக்கே இருந்தன. தெற்கே விளைந்த தானியத்தை வடக்கே கொண்டு செல்லாமல் அரசு நிலைத்தல் இயலாது. அதனை வண்டிகளில் ஏற்றிச் சென்றால், இழுக்கும் விலங்குகளும் ஓட்டும் ஆட்களும் வழியில் உண்பதற்கே ஒரு பகுதி செலவாகிவிடும். ஆழ்ந்த நீரில் மிதக்கும் ஒரு படகோ, பல வண்டிகள் சுமக்கும் பாரத்தைச் சில ஆட்களின் உழைப்பால் கொண்டு சேர்க்கும். ஆதலின், ஆறுகளை வடக்குத் தெற்காக இணைக்கும் கால்வாய்களை வெட்டுதல் அந்நாட்டு மன்னர்களின் தலையாய பணியாயிற்று.

கி.மு. 486ஆம் ஆண்டிலேயே வூ நாட்டு மன்னன் பூச்சாய் என்பவன் யாங்சி ஆற்றையும் குவாய் ஆற்றையும் இணைக்கும் கால்வாயைத் தொடங்கினான். பின்னர்ச் சூய் மரபைச் சேர்ந்த யாங் என்னும் பேரரசன் கி.பி. 605 முதல் 610 வரையுள்ள ஆண்டுகளில், பழைய கால்வாய்களைப் புதுக்கியும் புதியன வெட்டியும், தெற்கையும் வடக்கையும் ஒரே நீர்வழியால் இணைத்தான். அப்பணிக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வலிந்து திரட்டப்பட்டனர் என வரலாற்று நூல்கள் கூறும். பணி விரைந்து முடிந்தது. ஆனால் மக்கள் நலிந்தனர். இடையறாத போர்களும் அத்துன்பத்தோடு சேரவே, நாடெங்கும் கலகம் மூண்டது. 618ஆம் ஆண்டில் யாங் பேரரசன் கொல்லப்பட்டான். அவன் மரபும் அழிந்தது. அவன் வெட்டிய கால்வாய் மட்டும் நிலைத்து நின்று, பின்வந்த அரசுகளுக்குப் பல நூற்றாண்டுகள் பயன் தந்தது.

இத்தகைய நீர்வழிகளின் வரலாற்றில்தான் குவோ ஷோசிங்கின் வாழ்வும் இடம்பெறுகின்றது. அவர் 1231ஆம் ஆண்டில் வட சீனத்தில் சிங்தை என்னும் ஊரில் பிறந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய பாட்டனார் குவோ ரோங் ஆவார். அம்முதியவர் கணிதத்திலும் நீர்ப்பணியிலும் வல்லுநர். மற்றச் சிறுவர்கள் விளையாடித் திரிந்த பருவத்தில், பேரனோ பாட்டனாரின் அருகமர்ந்து அளவைகளையும் கருவிகளையும் பற்றிக் கேட்டறிந்தான். பதினைந்து பதினாறு வயதில் அவனுக்கு ஒரு நாழிகை வட்டிலின் வரைபடம் கிடைத்தது. நீர் ஒரே அளவாகச் சொட்டிக் காலத்தைக் காட்டும் நுட்பமான கருவி அது. அவ்வரைபடத்தைக் கண்டவர் பலர். அதன் பொருளை உணர்ந்தவர் சிலரே. அவ்விளைஞனோ படத்தை மட்டும் ஆராய்ந்து, கருவி இயங்கும் முறையைத் தானே கண்டறிந்தான்.

பேரனின் அறிவுத்திறனைக் கண்ட பாட்டனார், தம் நண்பரும் பேரறிஞருமான லியூ பிங்சுங் என்பவரிடம் அவனை மாணவனாகச் சேர்த்தார். அங்கே வாங் சுன், சாங் வென்சியன் முதலிய அறிஞர்களின் நட்பு ஷோசிங்குக்குக் கிட்டியது. லியூ பிங்சுங் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் அறிவுரையாளராக விளங்கி, பிற்காலத்தில் அவருடைய புதிய தலைநகரை வகுத்தமைத்தார்.

ஷோசிங்குக்கு ஏறத்தாழ இருபது வயதானபோது, அவருடைய திறமையை ஊரார் அறியும் வாய்ப்பு ஒன்று வாய்த்தது. சிங்தை நகரின் வடபுறத்தில் ஓடிய ஆறுகள் போர்க்காலத்தில் பேணுவாரின்றிக் கரை உடைந்து பெருகிக் கிடந்தன. அங்கிருந்த கற்பாலம் சேற்றினுள் புதைந்து, அஃது இருந்த இடமே மக்களின் நினைவிலிருந்து மறைந்திருந்தது. இளைஞர் ஷோசிங் நிலத்தின் வாட்டத்தையும் நீரின் போக்கையும் ஆராய்ந்தார். ஆறுகள் ஓட வேண்டிய வழிகளை வரையறுத்தார். பழைய பாலம் புதைந்துள்ள இடத்தையும் சுட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் அகழ்ந்தபோது பாலத்தின் அடிப்படை வெளிப்பட்டது. ஊரார் வியந்தனர். அக்காலத்துப் பெரும் புலவரான யுவான் ஹாவ்வென் இச்செய்தியைத் தம் உரைநடையில் பதிவு செய்துள்ளார்.

1262ஆம் ஆண்டில், குப்லாய் கானின் அமைச்சருள் ஒருவராகிவிட்ட சாங் வென்சியன் தம் நண்பரைப் பேரரசரிடம் அழைத்துச் சென்றார். முப்பத்தோரு வயதே நிரம்பிய ஷோசிங், நீர்ப்பணி பற்றிய ஆறு திட்டங்களைப் பேரரசரின் முன் எடுத்துரைத்தார். அவற்றுள் முதலாவது தலைநகரைப் பற்றியது. இன்று பெய்சிங் எனப்படும் அந்நகருக்குக் கிழக்கே துங்சௌ என்னும் படகுத்துறை உள்ளது. அத்துறை வரையில் தானியம் நீர்வழியாக வந்தது. அங்கிருந்து நகரம் வரை வண்டிகளே அதனைச் சுமந்தன. நகரத்தின் வடமேற்கே உள்ள மரகத ஊற்றின் நீரைக் கொணர்ந்து பழைய கால்வாயில் விட்டால், ஆண்டுதோறும் வண்டிக் கூலியாகச் செலவாகும் அறுபதினாயிரம் சரம் காசு மிஞ்சும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அவர் ஒவ்வொரு திட்டத்தையும் அளவோடும் காரணத்தோடும் விளக்கிய முறை பேரரசரைக் கவர்ந்தது. உண்ணும் சோற்றுக்கு உரிய பணியைச் செய்பவர் இவரே எனப் பேரரசர் அவையில் பாராட்டி, நீர்வழிகளை மேற்பார்க்கும் பதவியை அவருக்கு அளித்தார்.

1264ஆம் ஆண்டில் ஷோசிங் மேற்கு எல்லையிலுள்ள நிங்சியா நாட்டுக்கு அனுப்பப்பட்டார். மஞ்சள் ஆற்றின் கரையில் அமைந்த அப்பகுதியில் பழங்காலத்துப் பாசனக் கால்வாய்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று நானூறு லி நீளமும், மற்றொன்று இருநூற்றைம்பது லி நீளமும் உடையன. லி என்பது ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் கொண்ட சீன அளவை. மங்கோலியர் நடத்திய போரால் அக்கால்வாய்கள் தூர்ந்து, வயல்கள் பாழாகிக் கிடந்தன. புதியன வெட்டுவதைவிடப் பழையவற்றைச் செப்பனிடுதலே நன்று எனக் கண்ட ஷோசிங், மதகுகளையும் அணைகளையும் திருத்தி அமைத்தார். மீண்டும் நீர் பாய்ந்தது, வயல்கள் விளைந்தன. நன்றி மறவாத அந்நாட்டு மக்கள், அவர் உயிரோடிருக்கும்போதே அவருக்குக் கால்வாய்க் கரையில் ஒரு வழிபாட்டிடம் அமைத்தனர். திரும்பும்போது அவர் மஞ்சள் ஆற்றில் படகேறி நான்கு இரவும் நான்கு பகலும் பயணம் செய்து, அப்பகுதியில் தானியப் படகுகள் செல்லக்கூடும் என்பதைத் தாமே சோதித்து உறுதி செய்தார்.

கேள்விப்பட்டதைக் கொண்டு முடிவு செய்யாது, தாமே சென்று அளந்து பார்ப்பது அவருடைய வழக்கம். 1275ஆம் ஆண்டில் தெற்கே படையெடுப்பு நடந்தபோது, ஷான்துங் நாட்டின் ஆறுகளுள் எவை எவற்றோடு இணையும் என ஆராய்ந்து, நிலப்படம் வரைந்து அளித்தார். தொலைவிலுள்ள இரு நகரங்களின் உயரத்தை ஒப்பிடும்போது, கடல் மட்டத்தையே பொது அளவாகக் கொண்டு எது எவ்வளவு உயர்ந்தது எனக் கணித்தார். கடல் மட்டத்திலிருந்து உயரத்தை அளக்கும் முறையை இன்று உலகெங்கும் கையாள்கின்றனர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அம்முறையைக் கையாண்டது அவருடைய கூர்த்த மதிக்குச் சான்றாகும்.

1276ஆம் ஆண்டில் பேரரசர் அவரை வேறொரு பணிக்கு அழைத்தார். பழைய பஞ்சாங்கம் வானத்தோடு பொருந்தாமல் பிழைபட்டிருந்தது. நல்ல பஞ்சாங்கத்துக்கு நல்ல அளவை வேண்டும். நல்ல அளவைக்கு நல்ல கருவி வேண்டும் எனக் கருதிய ஷோசிங், புதிய வானாய்வுக் கருவிகள் பலவற்றைச் செய்தார். நாட்டின் இருபத்தேழு இடங்களில் வானத்தை நோக்கி அளக்க ஏற்பாடு செய்தார். கதிரவனின் நிழலை அளப்பதற்காகத் தெங்பெங் என்னும் ஊரில் எழுப்பப்பெற்ற உயர்ந்த மேடை இன்றும் நிற்கின்றது. இவ்வுழைப்பின் பயனாக 1281ஆம் ஆண்டில் புதிய பஞ்சாங்கம் நடைமுறைக்கு வந்தது. அதில் ஓர் ஆண்டின் அளவு 365.2425 நாள் எனக் கொள்ளப்பட்டது. 1582ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் திருத்தப்பெற்று, இன்று உலகம் முழுவதும் வழங்கும் நாட்காட்டியின் சராசரி ஆண்டளவும் இதுவே. அதே 1281ஆம் ஆண்டில், அப்பேரரசின் தென்கோடித் துறைமுகங்களுள் ஒன்றான சூவான்சௌ நகரில் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்பப்பட்டதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டது. குப்லாய் கானின் ஆட்சியில் தமிழ் வணிகர் அந்நாட்டோடு கொண்டிருந்த தொடர்புக்கு அது சான்றாக விளங்குகின்றது.

இவ்வாறு புகழ் பெருகிய நிலையிலும் ஷோசிங்கின் நெஞ்சில் ஒரு குறை இருந்தது. தலைநகருக்கு நீர்வழி அமைக்கும் பணி இன்னும் நிறைவேறவில்லை. மரகத ஊற்றின் நீரைக் கொணர்ந்தும், அது பெரிய படகுகளைத் தாங்கப் போதவில்லை. பின்னர் மேற்கிலிருந்து வரும் லூகௌ ஆற்றின் நீரைத் திருப்பிக் கால்வாய் ஒன்றை மீண்டும் திறந்தார். அதன் வழியே மலைகளிலிருந்து மரமும் கல்லும் மிதந்து வந்தன. வயல்களும் பாசனம் பெற்றன. ஆயினும் அந்நிலம் மிகவும் சரிவானது. நீரின் விரைவை எதிர்த்துப் படகு மேலேற இயலவில்லை. ஆறு சுமந்து வந்த வண்டலும் மிகுதி. ஆக, முதல் வழியில் நீர் குறைவு. இரண்டாம் வழியில் வேகம் மிகுதி. தெளிந்த நீரும் போதிய நீரும் மெதுவான வாட்டமும் ஒருங்கே அமைந்த வழி ஒன்று வேண்டும் என்பதை இவ்விரு முயற்சிகளும் அவருக்குக் கற்பித்தன.

இதற்கிடையே தலைநகரின் தேவை பெருகியது. தென்சீனம் முழுவதும் குப்லாய் கானின் ஆட்சிக்கு உட்பட்டது. யாங் பேரரசனின் பழைய கால்வாய் மேற்கே வளைந்து சென்றதாதலின், ஷான்துங் வழியே நேராக வடக்கு நோக்கி வரும் புதிய கால்வாய்கள் 1283, 1289ஆம் ஆண்டுகளில் வெட்டி முடிக்கப்பட்டன. கடல் வழியாகவும் தானியம் வந்தது. எவ்வழியாக வந்தாலும், துங்சௌ துறையிலிருந்து தலைநகர் வரையிலான கடைசி ஐம்பது லி தொலைவை வண்டிகளே கடக்க வேண்டியிருந்தது. கூதிர்காலத்து மழையில் பாதை சேறாகும். வண்டிச் சக்கரங்கள் புதையும். இழுத்து இளைத்த விலங்குகள் எண்ணிறந்தன வழியிலேயே மடியும். ஆயிரக்கணக்கான லி தொலைவைக் கடந்து வந்த தானியம், நகரத்தின் வாயிலை நெருங்கியும் உள்ளே நுழைய முடியாமல் தேங்கி நின்றது.

1291ஆம் ஆண்டில் வேறு சிலர் வேறு ஆறுகளின் வழியே படகு செலுத்தலாம் எனப் பேரரசரிடம் கூறினர். அவற்றைப் பார்த்துவர ஷோசிங் அனுப்பப்பட்டார். அவர் நேரில் ஆராய்ந்து, அவ்வழிகள் பயன்படா எனக் காரணத்தோடு தெரிவித்தார். அதனோடு நில்லாமல், தாம் பல ஆண்டுகளாக ஆய்ந்து கண்ட புதிய வழியையும் எடுத்துரைத்தார். தலைநகருக்கு வடக்கே சாங்பிங் என்னும் பகுதியில் பைபூ என்னும் மலைச்சுனை உள்ளது. அதன் நீர் தெளிந்தது, வற்றாதது. ஆனால் சுனைக்கும் நகரத்துக்கும் இடையே இரண்டு சிற்றாறுகளின் பள்ளத்தாக்குகள் குறுக்கிட்டன. நேராகத் தெற்கு நோக்கி வெட்டினால் நீர் முழுவதும் அப்பள்ளங்களில் விழுந்து ஓடிவிடும், நகரத்தை அடையாது. ஷோசிங் அங்குலம் அங்குலமாக மட்டம் பார்த்து ஓர் அரிய வழியைக் கண்டார். சுனைநீரை முதலில் நகரத்தை நோக்கிச் செலுத்தாமல், மேற்கே திருப்பினார். பின்னர் மேற்கு மலைகளின் அடிவாரத்தை ஒட்டி வளைத்துத் தெற்கே கொண்டுவந்தார். வழியிலுள்ள ஊற்றுகள் யாவும் அக்கால்வாயில் வந்து கலந்தன. இவ்வாறு பெருகிய நீர் வெங்சான் ஏரியில் திரண்டு, அங்கிருந்து நகரத்தினுள் உள்ள சிஷுய்தான் ஏரியை அடைந்து, பின்னர்க் கிழக்கே துங்சௌ துறைக்குச் செல்லும். சேருமிடத்துக்கு எதிர்ப்புறமாகத் தொடங்கும் இவ்வழி, பார்வைக்கு வீண் சுற்றாகத் தோன்றும். நீர் இயல்பாக இறங்கிவருவதற்கு ஏற்ற வழி அதுவே என்பதை அளவையே காட்டிற்று.

பேரரசர் பெரிதும் மகிழ்ந்து உடனே பணியைத் தொடங்குமாறு பணித்தார். 1292ஆம் ஆண்டில் வேலை தொடங்கிய நாளன்று, அமைச்சர் முதலாக எல்லா அதிகாரிகளும் மண்வெட்டியும் கூடையும் ஏந்தி வந்து, ஷோசிங்கின் சொற்படி நடக்க வேண்டும் எனப் பேரரசர் ஆணையிட்டார். பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரரும், கைவினைஞரும், நீர்த்தொழிலாளரும், தண்டனை பெற்றோரும் அப்பணியில் ஈடுபட்டனர். கால்வாயின் மொத்த நீளம் 164 லி, அதாவது ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர்.

துங்சௌ துறை தாழ்ந்தும் நகரம் உயர்ந்தும் இருந்தமையால், படகுகள் மேலேறி வருவதற்கு ஷோசிங் மதகுகளை அமைத்தார். பத்து லிக்கு ஒன்றாக மதகுகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு லி அளவு தள்ளித் துணை மதகும் எனக் கால்வாயில் இருபத்துநான்கு மதகுகள் இருந்தன. படகு கீழ் மதகினுள் நுழைந்ததும் அதனை மூடுவர். மேல் மதகைத் திறந்து நீரை விடுவர். இரண்டுக்கும் இடையே நீர் உயர, படகும் அதனோடு உயர்ந்து மேல் மட்டத்தை அடையும். இங்ஙனம் படிப்படியாகப் படகுகள் நகரம் வரை ஏறிவந்தன. நீரும் வீணாகவில்லை. இருமதகு முறையைச் சீனர் முன்னரே அறிந்திருந்தனர். 984ஆம் ஆண்டில் சியாவ் வெய்யுவே என்னும் அதிகாரி குவாய் ஆற்றை ஒட்டிய கால்வாயில் அதனை அமைத்தார். ஷோசிங் அம்முறையை ஒரு நீண்ட சரிவு முழுவதற்கும் பொருத்தினார். மதகு அமைக்க அவர் குறித்த இடங்களில் அகழ்ந்தபோது, பழங்காலத்து மதகுகளின் செங்கற்களும் மரங்களும் பலவிடங்களில் வெளிப்பட்டன. முன்னோர் தேர்ந்த இடங்களையே அவருடைய கணக்கும் சுட்டியது கண்டு மக்கள் வியந்து போற்றினர்.

1293ஆம் ஆண்டில் பணி முடிந்தது. வேனிற்கால அரசிருக்கையிலிருந்து திரும்பிய குப்லாய் கான், சிஷுய்தான் ஏரிக்கரை வழியாக வந்தார். தென்னாட்டிலிருந்து வந்த படகுகள் நீர்ப்பரப்பே தெரியாவண்ணம் நெருங்கி நிற்பதைக் கண்டு உள்ளம் களித்தார். தடையின்றிச் சென்று நலம் பயப்பது எனப் பொருள்படும் துங்குய் என்னும் பெயரைக் கால்வாய்க்குச் சூட்டி, ஷோசிங்குக்குப் பரிசு வழங்கினார். 1262ஆம் ஆண்டில் இளைஞராய் நின்று எடுத்துரைத்த திட்டத்தை, முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து, அறுபத்திரண்டாம் வயதில் அவர் நிறைவேற்றினார். தெற்கே ஹாங்சௌ நகரிலிருந்து வடக்கே தலைநகர் வரை தொடர்ந்த நீர்வழி இங்ஙனம் முழுமை பெற்றது.

குப்லாய் கானுக்குப் பின் அவர் பேரர் தெமூர் பேரரசரானார். 1298ஆம் ஆண்டில், வேனில் தலைநகரான ஷாங்து நகருக்கு அருகில் மலைவெள்ளத்தை வடிக்க ஒரு கால்வாய் வெட்டக் கருதி, ஷோசிங்கின் கருத்தை அவர் கேட்டார். மலைநீர் சில ஆண்டுகளில் திடீரெனப் பெருகுமாதலால், கால்வாயின் அகலம் ஐம்பது முதல் எழுபது தப்படி வரை இருத்தல் வேண்டும் என ஷோசிங் கூறினார். பணியை மேற்கொண்ட அதிகாரிகள் செலவுக்கு அஞ்சினர். முதியவர் மிகைபடக் கூறுகிறார் எனக் கருதி, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டனர். அடுத்த ஆண்டே பெருமழை பெய்தது. குறுகிய கால்வாயில் அடங்காத வெள்ளம் கரைபுரண்டு, மக்களையும் கால்நடைகளையும் கூடாரங்களையும் அடித்துச் சென்றது. பேரரசரின் பாசறையையும் நெருங்கிற்று. ஷோசிங்கின் சொல்லைக் கேளாமற்போனதற்காகப் பேரரசர் பெரிதும் வருந்தினார். அதிகாரிகள் மிச்சப்படுத்தியது சிறிது பொருள். அதற்கு ஈடாகப் போனவையோ மீளாத உயிர்கள்.

அவருடைய அறிவு அரசுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1303ஆம் ஆண்டில் எழுபது வயது நிரம்பிய அதிகாரிகள் ஓய்வு பெறலாம் என ஆணை பிறந்தது. ஷோசிங் ஒருவருக்கு மட்டும் ஓய்வு அளிக்கப்படவில்லை. இறுதிவரை பணியாற்றிய அவர் 1316ஆம் ஆண்டில் உலக வாழ்வை நீத்தார்.

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வரசு வீழ்ந்தபின், மலையடிவாரக் கால்வாய் பேணுவாரின்றித் தூர்ந்தது. எனினும் அவர் நீரைத் திரட்டிய வெங்சான் ஏரி இன்று அரசர்களின் கோடை மாளிகையை அடுத்த எழில்மிகு ஏரியாக விளங்குகின்றது. பெய்சிங் நகரில் சிஷுய்தான் ஏரிக்கரையில் அவருக்கு நினைவகம் உள்ளது. நிலவின் பள்ளம் ஒன்றுக்கும், 2010ஆம் ஆண்டில் சீனத்தின் பெரிய தொலைநோக்கி ஒன்றுக்கும் அவருடைய பெயர் சூட்டப்பெற்றது. பல மரபினர் பல காலத்தில் வளர்த்த அப்பெருங்கால்வாய், 2014ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

யாங் பேரரசன் மக்களின் தோள்வலியை நம்பி ஐந்தாண்டுகளில் வென்றான். ஆனால் அரசை இழந்தான். குவோ ஷோசிங் அளவுகோலை நம்பினார். இரு முறை முயற்சி முழுப்பயன் தராதபோதும் அவர் சோர்வுறவில்லை. அரசரும் அமைச்சரும் விரும்பியதைக் கூறாமல், தாம் கண்ட அளவையே கூறினார். பொறுமையோடு அளந்து, அளந்த உண்மையை அஞ்சாது உரைத்த அப்பெரியாரின் வாழ்வு, கற்பவர் யாவரும் பின்பற்றத்தக்கது.